கேள்வி – பதில்

ஜூனில் பாரிஸ் போகிறோம். நார்மண்டிக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடியும். 1944-இல் சண்டை நடந்த கரையில் எதைப் பார்ப்பது?
– ஒரு வாசகர், மதுரை

ஒரு நாள்தானா? சரி, மியூசியங்களை விட்டுவிடுங்கள். முதலில் லோங்-சூர்-மேர் என்ற கடலோர ஊர். ஜெர்மானியர் கட்டிய நான்கு கான்கிரீட் அரண்களில் ஒன்று வெடிமருந்து வெடித்துச் சிதைந்துவிட்டது. மற்ற மூன்றில் பீரங்கிகள் துருப்பிடித்து அப்படியே கடலைப் பார்த்து நிற்கின்றன. குழலைத் தொட்டே பார்க்கலாம். அங்கிருந்து பாறை விளிம்புவரை நடந்தால் கண்காணிப்பு அறை. குண்டு எங்கே விழ வேண்டும் என்று அங்கிருந்துதான் கணக்குப் போட்டார்கள்.

அப்புறம் பக்கத்திலேயே அரோமாஞ்ச். நேச நாட்டுப் படைகள் இங்கிலாந்திலிருந்து இழுத்து வந்து நிறுத்திய செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகள் இன்னும் கடலில் கிடக்கின்றன. கடல் உள்வாங்கும் நேரம் விசாரித்துப் போங்கள். இல்லையென்றால் தூரத்தில் கறுப்புத் திட்டுகள்தான் தெரியும்.

மாலையில் புவாந்த் து ஓக். அமெரிக்க ரேஞ்சர்கள் (சிறப்புப் படையினர்) ஜெர்மானியரின் பீரங்கிகளை அழிக்கக் கயிறு பிடித்துச் செங்குத்துப் பாறையில் ஏறிப் பார்த்தால், பீரங்கி மேடைகள் காலி! பீரங்கிகளை ஜெர்மானியர் முன்பே கரையிலிருந்து உள்ளே தள்ளி மறைத்திருந்தார்கள். குண்டு விழுந்த பள்ளங்கள் நிறைய. நல்ல ஷூ அவசியம்.

பஸ்ஸை நம்பாதீர்கள். பக்கத்து ஊரான பாயேவில் வாடகைக் கார் எடுங்கள்.