பஸ், ரயிலுக்காக ஒரு வரி: ஓட்டுப் போடும் முன் நீங்கள் கேட்டவை

அமெரிக்காவில் பல ஊர்களில், வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் 'பொதுப் போக்குவரத்துக்காக விற்பனை வரியை அரை சென்ட் கூட்டலாமா?' என்பது போல ஒரு கேள்வி இருக்கும். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கிரீன் கார்டுதான் இருக்கிறது. உள்ளூர் விஷயம்தானே, ஓட்டுப் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற ஒருசில ஊர்கள்தான் குடிமக்கள் அல்லாதவர்களையும் உள்ளூர்த் தேர்தலில் அனுமதிக்கின்றன. மற்ற இடங்களில் வாக்காளராகப் பதிந்தாலே சிக்கல். குடியுரிமை விண்ணப்பத்தில் அதைக் கேட்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது படிவத்தில் வாக்காளராகப் பதியச் சம்மதம் கேட்கும் கட்டத்தை டிக் செய்துவிடாதீர்கள்.

அரை சென்ட் என்றால் வீட்டுக்கு எவ்வளவு ஆகும்?

வரி உள்ள பொருள் 100 டாலருக்கு வாங்கினால் 50 சென்ட். ஆனால் வருமானம் குறைந்த குடும்பம் சம்பாத்தியத்தில் பெரும்பங்கைக் கடையில் செலவழிப்பதால், விற்பனை வரி அவர்களைத்தான் அதிகம் அழுத்தும். அதே குடும்பங்கள்தான் பஸ்ஸையும் அதிகம் நம்பியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் அரசு அமைப்பே முன்வைக்கும் இப்படிப்பட்ட வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதாவது 66.67 சதவீதம். 2008-இல் மெஷர் ஆர் (வாக்குச்சீட்டில் கேட்கும் இப்படிப்பட்ட கேள்வியைத்தான் அங்கே 'மெஷர்' என்கிறார்கள்) அந்த எல்லையைத் தாண்டி, அரை சென்ட் வரி 30 ஆண்டுகளுக்கு வந்தது. அதை நீட்டிக்க 2012-இல் மெஷர் ஜே கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு 66 பேர் ஆதரித்தும் தோற்றது! அப்புறம் 2016-இல் மெஷர் எம் ஜெயித்தது. நடுவில் போனது நான்கு ஆண்டுகள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

மத்திய அரசு பணம் தராதா?

தரும், ஆனால் பெரும்பாலும் பாதை போடவும் பஸ் வாங்கவும்தான். பெரிய நகரங்களில் டிரைவர் சம்பளம், டீசல் போன்ற அன்றாடச் செலவுக்கு வழக்கமான மத்திய நிதியைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. டிக்கெட் வருமானமும் செலவில் ஒரு பகுதிக்குத்தான் போதும். மீதியை மாநிலமும் ஊரும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுமானத்துக்கு மத்தியப் பணம் கேட்டாலும் உள்ளூர்ப் பங்கைக் காட்டச் சொல்வார்கள்.

அதனால், கேள்வியில் 'கடன்பத்திரம்' (பாண்ட், அதாவது அரசு மக்களிடம் கடன் வாங்குவது) என்று இருந்தால் அது கட்டுவதற்கான பணம் என்று புரிந்துகொள்ளுங்கள். புது ரயில் பாதை வரலாம். உங்கள் தெரு பஸ் அரை மணிக்கு ஒருமுறைதான் வரும் என்ற நிலை மாறாமலும் இருக்கலாம்.

தோற்றால் திட்டம் அவ்வளவுதானா?

இல்லை. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் மக்கள் 2018-இல் இலகு ரயிலை மையமாகக் கொண்ட திட்டத்தை நிராகரித்தார்கள். 2024-இல் அதிக பஸ், நடைபாதை, சிக்னல் என்று வேறு திட்டம் வந்தது. அரை சென்ட் வரிக்குச் சம்மதித்தார்கள். திட்டம் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் 'இல்லை' போடலாம். வரி என்று முடிகிறது, யார் கணக்குப் பார்ப்பார்கள் என்று முழு வாசகத்தில் எழுதியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

புரியாவிட்டால் அந்தக் கேள்வியை மட்டும் காலியாக விடலாமா? இந்த அக்காவுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

விடலாம் அக்கா. மற்ற ஓட்டுகள் செல்லும். இந்தக் கேள்விக்குப் பதில் போட்டவர்களை வைத்துத்தான் பொதுவாகச் சதவீதம் கணக்கிடுவார்கள். காலியாக விட்டது 'இல்லை' ஆகிவிடாது.