அழிந்துபோன போராமினிபெராச் சாதிகளை எதைக் கொண்டு பிரிக்கிறார்கள்? பெயர் ஏன் மாறுகிறது?

நமது சுண்ணக்கல்லில் உள்ள ஓர் உயிர்ச்சுவடு பழைய அறிக்கைகளில் தபெரினா என்றும் புதிய கட்டுரைகளில் சூடோதபெரினா என்றும் வருவதைக் குறிப்பிட்டு, இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். முருங்கனிலும் முழங்காவிலிலும் நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கும் மயோசீன் காலச் சுண்ணக்கல், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பதன் தொடர்ச்சியே என்பதால், வன்னியில் இருக்கும் எங்களுக்கு இது அருகிலுள்ள கேள்விதான்.

போராமினிபெரா ஒற்றைக்கல உயிரி. நெருங்கிய இனங்களை ஒன்றுசேர்க்கும் தொகுதியையே இங்கு சாதி (genus) என்கிறோம். அழிந்துபோன சாதிகளில் எஞ்சியிருப்பது ஓடு மட்டுமே. ஆகவே முதலில் ஓட்டின் சுவரைப் பார்க்கிறார்கள்: மணல் துகள்களை ஒட்டிக் கட்டியதா, பீங்கான் போன்றதா, நுண்துளைகள் கொண்ட கண்ணாடித் தன்மையுடையதா என்பதிலேயே பெரும்பிரிவுகள் தீர்மானமாகின்றன. சாதியைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் உள்ளமைப்பு: அறைகள் சுருளாக வளர்ந்தனவா வட்டமாக வளர்ந்தனவா, அறைக்குள் தூண்கள் உள்ளனவா, வாய்த்துளைகள் எங்கே அமைந்துள்ளன என்பவை. இறுகிய பாறையிலிருந்து ஓட்டைத் தனியே பிரித்தெடுக்க முடியாதபோது, மெல்லிய வெட்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தே இவற்றை அறிய வேண்டும். ஓட்டின் நடுவழியே சரியாகச் செல்லாத வெட்டு ஒன்றை மட்டும் நம்பிப் புதிய சாதியை நிறுவுவது பொறுப்பான செயல் அல்ல என்பதே என் உறுதியான கருத்து.

வெளித்தோற்றமும் அளவும் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நுமுலைற்றிஸ் என்ற மற்றொரு போராமினிபெராச் சாதி நல்ல சான்று. கலவியில்லாப் பெருக்கத்தில் பிறந்த தலைமுறைக்கு முதலறை பெரிதாகவும் ஓடு சிறிதாகவும் இருக்கும். கலவிவழிப் பிறந்ததற்கு முதலறை மிகச் சிறிது, ஓடு பெரிது. ஒரே இனத்தின் இவ்விரு வடிவங்களுக்கும் முற்காலத்தில் தனித்தனி இனப்பெயர்கள் சூட்டப்பட்டன.

பெயரிடல் விலங்கியற் பெயரீட்டு விதிகளுக்கு உட்பட்டது. முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை உண்டு. இரண்டு விலங்குச் சாதிகளுக்கு ஒரே பெயர் இருக்க இயலாது. 1930க்குப் பின் வெளியான ஒவ்வொரு சாதிப்பெயருக்கும் மாதிரி இனமொன்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கட்டையில் கட்டிய மாட்டைப் போலச் சாதிப்பெயர் அந்த மாதிரி இனத்தோடு கட்டுண்டிருக்கிறது. கயிற்றின் நீளத்தைப் பற்றி ஆய்வாளர்கள் வாதாடலாம், கட்டையை விருப்பம்போல் பிடுங்க இயலாது.

நீங்கள் கேட்ட உயிர்ச்சுவட்டை கார்ட்டர் என்ற ஆய்வாளர் 1853இல் ஓர்பிற்றோலைற்றிஸ் மலபாரிக்கா என்று விவரித்தார். அதன் அறைகள் வெறும் வட்டங்களாக அல்லாமல் சுருளாக அமைவதை அவரே எடுத்துக்காட்டியிருந்தார். பின்னர் அது தபெரினாவில் சேர்க்கப்பட்டது. ஆனால் கெய்சர் 1945இல் நிறுவிய அச்சாதியின் மாதிரி இனம் கியூபாவைச் சேர்ந்தது. மலபாரிக்கா அதனோடு ஒரே சாதியில் இருக்க முடியாது என்று கருதிய ஈம்ஸ், 1971இல் அதையே மாதிரி இனமாக வைத்துச் சூடோதபெரினாவை நிறுவினார். தபெரினா என்ற பெயர் அழியவில்லை. அது கியூபா இனத்தோடு நின்றுவிட்டது.

இன்று சூடோதபெரினா மலபாரிக்கா (கார்ட்டர், 1853) என்று எழுதுவதே சரி. பெயரிட்டவர் அடைப்புக்குள் நிற்பது, இனம் முதலில் வேறொரு சாதியில் வைக்கப்பட்டதைக் காட்டும். பழைய அறிக்கையில் தபெரினா மலபாரிக்கா என்று முழுப்பெயர் இருந்தால் அதே உயிரி என்று கொள்ளலாம். தபெரினா என்று மட்டும் எழுதி, வெட்டின் படமும் தராதிருந்தால், மூலப் பாறைத்துண்டைப் பார்க்காமல் பெயரை மாற்றி எழுதாதீர்கள்.