கணக்கு எண்ணை யார் வேண்டுமானாலும் திருத்தலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்வோரின் கூலி விகிதமும் வங்கிக் கணக்கும் ஒரே டேட்டாபேஸில் உள்ளன. எல்லாப் பிரிவினரும் திருத்துகிறார்கள். அண்மையில் ஒரு சாயப்பட்டறையின் கணக்கு எண் எங்களுக்குத் தெரியாமலே மாறியிருந்தது. ஒப்புதலுக்குப் பிறகே மாற்றம் ஏறும்படி செய்யப் புதிய சாஃப்ட்வேர் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. திருத்தம் எதுவும் மூலப் பதிவில் நேராக ஏறக்கூடாது. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, கேட்டவர், நேரம், காரணம் ஆகியவற்றுடன் அது தனி அட்டவணையில் காத்திருக்க வேண்டும். கேட்டவர் அல்லாத இன்னொருவர் ஒப்புதல் தந்ததும், மூலப் பதிவில் அதே பழைய மதிப்புதான் இருக்கிறதா என்று சரிபார்த்து மென்பொருளே அதை ஏற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வைத்தால் மேலாளர் படிக்காமலே பொத்தானை அழுத்தப் பழகிவிடுவார். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஜிஎஸ்டி எண், கூலி விகிதம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒப்புதல் வையுங்கள்; அவற்றோடு தொலைபேசி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், அதில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, பதிவில் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்பதுதான் முறை. முதல் நாள் அந்தத் தொலைபேசி எண்ணையே யாரேனும் மாற்றி வைத்திருந்தால், மறுநாள் நீங்கள் அழைப்பது மோசடிக்காரரைத்தான்.

திரையை மட்டும் பூட்டிக் காட்டிப் பணம் வாங்கிச் செல்லும் இடைத்தரகர்கள் கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். எக்செல் கோப்பை மொத்தமாக ஏற்றும் வழி அடைபட்டதா, மூல அட்டவணையைத் திருத்தும் உரிமை டேட்டாபேஸிலேயே எல்லாப் பயனர்களிடமிருந்தும் நீக்கப்பட்டதா, அட்மின் பாஸ்வேர்ட் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கேட்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரே லாகினைப் பலர் பயன்படுத்தும் அலுவலகத்தில் எந்த ஒப்புதலுக்கும் பொருளில்லை.

சட்டத்தை நம்பி இருந்துவிடவும் முடியாது. 1.4.2023 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்குக் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் ஆடிட் டிரெயில்) கட்டாயம் என்ற விதி கம்பெனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவானவற்றுக்கே. சாதாரணக் கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனங்களை அது தொடுவதில்லை. தடம் இருந்தாலும், பணம் போன பிறகு யார் மாற்றினார் என்று சொல்லுமே தவிர, போகாமல் தடுக்காது. வங்கிகளோ பல்லாண்டுகளாகப் பெயரைப் பொருத்திப் பார்க்காமல், எண்ணை மட்டும் வைத்தே நெஃப்டில் பணத்தை வரவு வைத்து வந்தன. பெயரைக் காட்டும் வசதியை ஏப்ரல் 2025க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி சொல்வதற்கே இத்தனை காலமானது!

ஒரே ஒரு விலக்கு தரலாம். சனிக்கிழமை சம்பள நாளில், ஒப்புதல் தருபவர் ஊரில் இல்லாதபோது, பீஸ் ரேட்டில் உள்ள பிழையால் கூலி நின்றுவிடக் கூடாது. அப்போது முன்கூட்டியே பெயர் குறித்த மாற்று ஆள், நீங்கள் வகுத்த வரம்புக்குள் மட்டும் ஒப்புதல் தரலாம். அந்த நொடியே உங்கள் கைப்பேசிக்குத் தகவல் வர வேண்டும். திங்கள் மாலைக்குள் உரியவர் உறுதி செய்யாவிட்டால் பழைய விகிதம் தானாகத் திரும்ப வேண்டும். கணக்கு எண்ணுக்கு இந்தச் சலுகை எந்தச் சனிக்கிழமையும் கிடையாது.