அமில மழை குறைந்தால் ஏரி மீன்பிடிக்கு என்ன லாபம்?

அமில மழையைக் குறைக்க ஆகும் செலவுக்கு நன்னீர் மீன்பிடியில் கிடைக்கும் லாபம் ஈடாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஈடாகாது. அதற்காக லாபம் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே இருக்கும் அடிரொண்டாக் மலைகளை எடுத்துக்கொள்வோம்.

அங்கே கிரானைட் பாறை, மேலே மெல்லிய மண். அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புச் சத்து போதாது. ஒஹாயோ பள்ளத்தாக்கு நிலக்கரி மின்நிலையங்களின் கந்தகப் புகை மழையாகவும் பனியாகவும் அங்கே இறங்கியது. அந்த அமிலம் மண்ணில் கிடந்த அலுமினியத்தைக் கரைத்து ஏரியில் சேர்த்தது. மீன்களுக்கு எமன் இந்த அலுமினியம்தான்: செவுளில் படிந்து மூச்சு முட்ட வைக்கும், ரத்தத்திலுள்ள உப்பும் வெளியேறிவிடும். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த அமிலம், பனி உருகும்போது மொத்தமாக வந்து இறங்கும். குஞ்சுகள் இருக்கும் நேரமும் அதுதான். 1984 முதல் 1987 வரை 1,469 ஏரிகளைச் சோதித்ததில் 346-இல் மீனே இல்லை. (சில ஏரிகள் இயல்பிலேயே அப்படி, எல்லாப் பழியையும் மழைமேல் போட முடியாது.)

சரி, பணத்துக்கு வருவோம். இந்த ஏரிகளுக்கு வருகிறவர்கள் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள். அவர்கள் தேடி வருவது ப்ரூக் டிரவுட் என்ற நன்னீர் மீனை. விடுதி, படகு, வழிகாட்டி, சாப்பாடு என்று அவர்கள் விடும் காசில் ஊர் பிழைக்கிறது. ஆனால் அந்தக் காசு முழுவதையும் லாபம் என்று எழுதிவிடக் கூடாது. இந்த ஏரியில் மீன் இல்லையென்றால் அந்த ஆள் அடுத்த ஏரிக்குப் போய்ச் செலவு செய்வார். நல்ல ஏரி கிடைத்ததால் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்த மதிப்பு எவ்வளவு என்பதைத்தான் பொருளியலாளர்கள் எண்ணுகிறார்கள்.

1990-இல் அமெரிக்கா மின்நிலையங்கள் விடும் கந்தகப் புகைக்கு உச்சவரம்பு போட்டது. 2005-இல் வந்த ஓர் ஆய்வு, 2010-ஆம் ஆண்டுக்கான செலவு சுமார் 300 கோடி டாலர், பலன் சுமார் 12,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் அடிரொண்டாக் தூண்டில் மீன்பிடியின் பங்கு ஏறக்குறைய 6.5 கோடி டாலர்தான். பெரும்பகுதி, காற்றில் நுண்துகள் குறைந்து காப்பாற்றப்பட்ட மனித உயிர்களின் கணக்கு.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. இந்த ஏரிகள் மீள எவ்வளவு தருவீர்கள் என்று நியூயார்க் மாநில மக்களிடம் கேட்டார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி ஒரு குடும்பம் வருடத்துக்கு 48 முதல் 107 டாலர். தூண்டிலையே தொடாதவர்களும் இதில் அடக்கம். மாநிலம் முழுக்கக் கூட்டினால் மீன்பிடிக் கணக்கைவிடப் பல மடங்கு வருகிறது.

ஒரு சிக்கல், லாபம் உடனே கைக்கு வராது. புகை குறைந்தாலும் மண் இழந்த கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, மெதுவாகத்தான் திரும்பும். அடிரொண்டாக்கில் ப்ரூக்டிரவுட் என்றே பெயர் கொண்ட ஏரியில் 2005-இல்தான் மறுபடி மீன் விட முடிந்தது. பிறகு அவை தாமாகவே இனப்பெருக்கம் செய்தன. நார்வேயில் அதுவரை காத்திருக்கவில்லை. மண்டால் ஆற்றில் 1997 முதல் சுண்ணாம்பு கொட்டி, அற்றுப்போயிருந்த சால்மனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் சுண்ணாம்பை விடாமல் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் அமிலம் குறையக் குறைய அந்தச் செலவும் குறையும். அந்த மிச்சத்தையும் லாபத்தில்தான் சேர்க்க வேண்டும்.