வகுப்பறைக் கேள்விகள்: கயிறு, காற்றாடி, பாம்பன் பாலம்

தொடக்கப்பள்ளி வகுப்புகளில் என்ன செய்யலாம் என்று கேட்டு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மூன்றாம் வகுப்புக்கு நீட்டலளவை நடத்துகிறேன். பென்சிலை அளவுகோலில் வைத்து 15 செ.மீ. என்று சரியாகச் சொல்லும் பிள்ளைகள், வகுப்பறை எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டால் "நூறு சென்டிமீட்டர்" என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?
– ஓர் ஆசிரியை, மண்டபம்

பதில்: பிள்ளைகள் கற்றுக்கொண்டது கோட்டின் பக்கத்திலுள்ள எண்ணைப் படிப்பதை மட்டுமே, நீளம் இன்னும் அவர்கள் உடம்புக்குள் போகவில்லை. நானும் பல ஆண்டுகள் முதல் நாளிலேயே மீட்டர் கோலைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்து இதே தவறைச் செய்திருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளில் கயிறும் கடலின் ஆழமும் பாகக் கணக்கில் பேசப்படுகின்றன. இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனி வரை ஒரு பாகம். பழைய நைலான் கயிறு ஒன்றைப் பத்து மீட்டர் அளவுக்கு வாங்கி வாருங்கள். அதன் நீளத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையையும் உயரமான பிள்ளையையும் அழைத்து, எத்தனை பாகம் என்று அளக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் சிறுமிக்கு எட்டுப் பாகம் வந்தது. நெடிய பையனுக்கு ஏழும் கொஞ்சமும் வந்தது. "நீ கயிற்றைத் தளர்த்திப் பிடிக்கிறாய்" என்று பையன் சண்டைக்குப் போக, இருவரும் இடம் மாறி மறுபடி அளந்தார்கள். பழைய எண்களே வந்தன. பிறகு நான் அளந்து காட்டினேன். ஆறும் சில்லறையும் வந்தது. "அப்படியானால் கடையில் போய் எட்டுப் பாகம் கயிறு கேட்டால், யாருடைய கையால் அளந்து தருவார்கள்?" என்று கேட்டேன். அந்தச் சிறுமி சற்றும் யோசிக்காமல், "எங்க அப்பா கையால" என்றாள். மீட்டர் கோலை வெளியே எடுக்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. எல்லாருக்கும் பொதுவான ஒரு கை வேண்டும் என்பது அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

மறுநாள் ஒவ்வொருவரின் பாகத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பலகையில் எழுதுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். சிறிய நீளத்துக்கு வலைத்துண்டு போதும். ஒரு கண்ணியின் முடிச்சுக்கு முடிச்சு எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கலாம். எதை அளந்தாலும், அளப்பதற்கு முன் ஓர் உத்தேச எண்ணைச் சொல்லச் செய்ய மறக்காதீர்கள். வகுப்பறை நூறு சென்டிமீட்டர் என்ற விடை அதனால்தான் மறையும்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. என் பொறுப்பில் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருக்கின்றன. தனித்தனியாகத் துணைக்கருவி செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை.
– ஓர் ஆசிரியர், சாயல்குடி வட்டாரம்

பதில்: ஒரே பொருளை வைத்துக்கொண்டு வேலையை மட்டும் படிப்படியாக மாற்றுங்கள். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதால் இந்த முறை உங்களுக்குப் புதிதாக இராது. உங்கள் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஓலைக் காற்றாடியை எடுத்துக்கொள்ளலாம். ஈர்க்கை உரித்துவிட்டு விரல் அகலத்தில் இரண்டு நறுக்குகளை எடுத்து, ஒன்றன் குறுக்கே ஒன்றாகக் கோத்து மடித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி ஒரு குச்சியில் செருகினால் காற்றாடி ஆயிற்று. முள்ளை மட்டும் நீங்களே குத்துங்கள்.

சின்னப் பிள்ளைகள் 'ஓலை', 'பனை', 'முள்' என்ற சொற்களை எழுதி, காற்றாடிக்கு எத்தனை இறக்கை, ஐந்து காற்றாடிகளுக்கு எத்தனை என்று எண்ணட்டும். நடு நிலையினர், காற்றாடியை எந்தப் பக்கம் திருப்பினால் வேகமாகச் சுழல்கிறது என்று பார்த்துத் திசையைக் குறிக்கட்டும். மூத்தவர்களுக்குச் செய்முறை எழுதும் வேலையைத் தாருங்கள்: "முதலில் ஈர்க்கை உரிக்கவும்" என்று தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம். எழுதியதை வேறொரு பிள்ளை படித்து, அதில் உள்ளபடியே செய்து பார்க்க வேண்டும். காற்றாடி உருவாகவில்லை என்றால் வாக்கியத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. சிவப்பு மையால் திருத்துவதைவிட அது நன்றாக உறைக்கும்.

சுழலாத காற்றாடிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அறிவியல் பாடம் அவற்றில்தான் இருக்கிறது. துளை இறுக்கமாக இருக்கிறதா, இறக்கை சாய்வில்லாமல் தட்டையாக இருக்கிறதா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் 'கச்சான்', 'சோழகம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். வட்டார வழக்கு என்று அடித்துவிடலாமா?
– தமிழ் ஆர்வலர், தொண்டி

பதில்: கூடாது. அவை பிழையான சொற்கள் அல்ல, அகராதியில் இடம்பெற்றவை. கச்சான் மேற்குக் காற்று, சோழகம் தென்காற்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று இலக்கியத்தில் படிக்கும் பெயர்களைக் கரையில் இன்றும் பேச்சில் கேட்கலாம். பலகையில் திசைச் சக்கரம் ஒன்றை வரைந்து, வீட்டில் சொல்லும் பெயரைச் சக்கரத்துக்கு உள்ளேயும், 'மேற்குக் காற்று', 'தென்காற்று' போன்ற பாடநூல் வழக்கை வெளியேயும் எழுதச் சொல்லுங்கள். எந்தக் காற்றில் வள்ளம் கடலுக்குப் போகாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னால், பருவக்காற்றுப் பாடத்தில் பாதி முடிந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் நம் மாவட்டத்துக்குக் காற்று பலமாகவும் மழை சொற்பமாகவும் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே கண்மாயை நிரப்புகிறது. வீட்டுப் பேச்சில் தொடங்கினால் இந்த வேறுபாடு பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

கேள்வி: சிப்பி, பவளத்துண்டுகளைச் சேகரித்து வரச் சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, ஏர்வாடி

பதில்: கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பிகளை அங்கேயே வகைபிரித்து எண்ணிவிட்டுப் போட்டுவரச் செய்யுங்கள். பவளம் வேண்டவே வேண்டாம். செத்த துண்டாயினும் சட்டம் காக்கும் பொருள். கடல் அட்டையும் கடல் குதிரையும் அப்படியே. படம் வரைவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்குப் பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரு பாடம் தயாரிக்கிறேன். படம் ஒட்டி ஆண்டுகளை எழுதியதும் மேலே நகரவில்லை.
– ஓர் ஆசிரியர், தங்கச்சிமடம்

பதில்: ஆண்டுகளை எழுதிப் போட்டுவிட்டதால்தான் நகரவில்லை, அவற்றைக் கணக்காக்குங்கள். பழைய ரயில் பாலம் 1914-இலும், சாலைப் பாலம் 1988-இலும், புதிய ரயில் பாலம் 2025-இலும் திறக்கப்பட்டன. முதல் ரயில் பாலத்துக்கும் சாலைப் பாலத்துக்கும் இடையே 74 ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் இராமேஸ்வரம் தீவுக்கு எதில் போனார்கள், எதில் சாமான் கொண்டுவந்தார்கள் என்பதை வகுப்பே பேசட்டும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள். அது எத்தனை வாரம், எத்தனை நாள் என்பது எளிய வகுத்தல் கணக்கு. அதே புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றித் தாத்தா, பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை: சில வீடுகளில் அது இன்னும் துக்கம். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கப்பலுக்கு வழிவிடும் விதத்தை அட்டையில் செய்து பார்க்கலாம். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவுகள் போல இருபுறமும் மேலே விரிந்தது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி கிடைநிலை மாறாமல் நேராக மேலே ஏறுகிறது. இரண்டாவதற்கு நூலும் கப்பியும் வேண்டும். கிணற்றில் வாளி இறைத்துப் பழகிய பிள்ளை, கயிற்றின் மறுமுனையில் கனம் கட்டினால் தூக்குவது எளிதாகும் என்பதைத் தானே சொல்லிவிடும். எதிர் எடை என்ற சொல்லை அதன் பிறகு கற்றுக்கொடுங்கள். ஒரு பிள்ளை அட்டைப் பாலத்தை ஏற்றி இறக்கும்போது மற்றவர்கள் 'அப்', 'டவுன்', 'ஸ்டாப்' என்று கட்டளையிட்டால் அன்றைய ஆங்கில வேலையும் அதிலேயே அடங்கிவிடும். அட்டை வளைந்து நடுவில் தொய்ந்தால் கவலைப்படாதீர்கள். அடியில் இரண்டு ஈர்க்குகளை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.