‘கையை அசைக்காதே’ என்கிறார்கள் வீட்டில்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வயது 52. போன வருஷம் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். அப்புறம் தஞ்சாவூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கி 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டேன். முடிந்து எட்டு மாதம் ஆகிறது. முடிந்த புதிதில் கை நன்றாகத்தான் இருந்தது. இப்போது இரண்டு மாதமாகத் தோள்பட்டை இழுத்துப் பிடிக்கிறது, ஜாக்கெட் மாட்டவும் தலை பின்னவும் கை எட்டவில்லை. ஈரப் புடவையைக் கொடியில் போட முடியவில்லை என்று மகன் கொடியையே நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டிவிட்டான். அந்தக் கையை அசைக்காதே என்கிறார்கள் எல்லோரும். நாத்தனார், நீவி விடுகிறவரிடம் போகலாம் என்கிறார். நோய் திரும்ப வந்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் சகோதரி, ஏனென்றால் அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் நான் வேறு என்ன சொன்னாலும் மனதில் ஏறாது. கையைத் தூக்கினால் இழுக்கிறது, பின்னால் கொண்டுபோனால் பிடிக்கிறது, தொங்கவிட்டால் அடங்குகிறது என்றால் அது பெரும்பாலும் தசையும் மூட்டும் இறுகிப்போனதால் வருகிற வலி. சும்மா படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்து வாரத்துக்கு வாரம் கூடுகிறது, எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் சுரீர் என்கிறது, விரல்கள் மரத்து, பிடித்த டம்ளர் நழுவுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் புற்றுநோய் டாக்டரிடம் போய்விடுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை கையைக் காட்டி, என்ன வலி என்று கேட்டு வந்துவிடுவது நல்லது. கடிதத்தைப் படித்து நான் ஊகிக்கலாம், தொட்டுப் பார்க்கிறவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மேல்கையின் உள்பக்கம் மட்டும் மரத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், அக்குள் ஆபரேஷனில் அங்கே போகிற ஒரு சின்ன நரம்பு பாதிக்கப்படுவது வழக்கம்தான்.

சரி, இத்தனை மாதம் கழித்து ஏன்? கரண்ட் நின்ற பிறகும் அதன் வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். மார்புக்கு அடியில் இருக்கிற தசை மேல்கை எலும்பு வரைக்கும் வந்து ஒட்டுகிறது. கதிர் பட்ட இடத்தில் அந்தத் தசை நார் நாராகத் தடித்து, மெல்ல மெல்ல நீளும் தன்மையை இழக்கும். சிலருக்கு இது மாதங்கள் கழித்து, சிலருக்கு வருஷங்கள் கழித்துத்தான் தெரியும். வலது கை விரல்களால் இடது அக்குளின் முன்பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையை மெல்லத் தூக்கிப் பாருங்கள், கயிறு மாதிரி ஒன்று விறைப்பது தெரியும். அப்புறம் வலப்பக்கமும் அதேபோலப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். வலிக்கிறதே என்று கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் மூட்டைச் சுற்றியிருக்கிற உறையும் சுருங்கிவிடும், சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் வீட்டில் பாசத்தோடு சொல்கிற அந்த ‘அசைக்காதே’ உங்கள் கைக்கு நல்லதில்லை. பிரிட்டனில் 392 பெண்களை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் முறையான பயிற்சியைத் தொடங்கியவர்கள் ஒரு வருஷம் கழித்து மற்றவர்களைவிடக் கையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். பயிற்சியால் கை வீக்கமும் அதிகமாகவில்லை.

தினமும் மூன்று வேளை பயிற்சி செய்யுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்த பிறகானால் இன்னும் சுலபம். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் நடந்து மேலே ஏறுங்கள், இழுக்கிற இடத்தில் நின்று மூச்சை விட்டபடி 20 எண்ணி இறங்குங்கள். ஐந்து தடவை போதும். எட்டிய இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஊஞ்சல் கொக்கியோ தொட்டில் கொக்கியோ இருந்தால் அதன் வழியே ஒரு கயிற்றைப் போட்டு இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, நல்ல கை கீழே இழுக்க வலிக்கிற கை தானாக மேலே போகட்டும். இரவில் மல்லாந்து படுத்து, விரல்களைக் கோத்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். இழுப்பு இருக்கலாம், குத்தும் வலி கூடாது, வெட்டி வெட்டி இழுக்கவும் கூடாது. மறுநாள் காலை வரை வலி நீடித்தால் நேற்று அதிகமாகிவிட்டது என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் விட்டுவிடுகிற காரியமில்லை இது, வருஷக்கணக்கில் செய்ய வேண்டும், விட்டால் திரும்ப இறுகும்.

மகனிடம் சொல்லிக் கொடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சாண் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். முதலில் ஜாக்கெட், துண்டு, அப்புறம் புடவை.

நீவி விடுகிறவரிடம் போகவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். கதிர் பட்ட தசையை முரட்டுத்தனமாகப் பிசைந்தால் காயமாகும், நெறி எடுத்த கையில் வீக்கம் வரலாம். தவிட்டு ஒத்தடமும் கவனம், அந்தத் தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும். நடவு, களை என்று சேற்றில் இறங்கினால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நோய் திரும்ப வராமலிருக்கத் தருகிற லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அவை மூட்டு வலி தரும், ஆனால் பெரும்பாலும் இரண்டு பக்கமும், விரலிலும் முழங்காலிலும்கூட. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி இருக்கிறது.

பஸ் ஏறித் தஞ்சாவூர் போவது சிரமம் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். அக்குளிலிருந்து முழங்கை வரை நரம்பு புடைத்த மாதிரி நூல் நூலாகத் தெரிகிறது, கையை நீட்டினால் அலறுகிறார். அடுத்த மாதம் கரண்ட் ஆரம்பிக்க வேண்டும்.
— ஒரு மகள், கும்பகோணம்

பதில்: அது நரம்பில்லை அம்மா. நெறி எடுத்த பிறகு அங்கே போகிற நிணநீர்க் குழாய்கள் இறுகித் தோலுக்கு அடியில் இப்படிக் கயிறாகத் தெரியும். பலருக்கு வருகிறது, மெல்ல நீட்டிப் பழகினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தளர்ந்துவிடும். இழுத்து அறுக்க யாரையும் விடாதீர்கள். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம், ஏனென்றால் கரண்ட் வைக்கும்போது அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டியிருக்கும், அளவெடுக்கிற ஸ்கேன் நாளுக்குள் கை அவ்வளவு தூரம் போயாக வேண்டும். இந்த வாரமே பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், பயிற்சிக்கு அரை மணி முன்னால் பாரசிட்டமால் தரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.