29 இடைமறிப்புகளும் எறியப்படாத பந்துகளும்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் என்ற தடுப்பாட்டக்காரராக ஆடிய டாரெல் ரெவிஸ் தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் இடைமறித்த, அதாவது எதிரணி எறிந்ததைக் குறுக்கே புகுந்து பிடித்த, பந்துகள் 29 மட்டுமே. ரோண்டே பார்பர் 47 பந்துகளை இடைமறித்தவர். 16 பருவங்களும் டாம்பா பே என்ற ஒரே அணிக்கு ஆடியவர். அந்தப் பார்பர் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழரங்கில் இடம்பெற ஆறாவது ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளத்துக்காகப் பயிற்சி முகாமைப் புறக்கணித்து, அணி விட்டு அணி மாறிய ரெவிஸை மட்டும் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே சேர்த்துக்கொண்டது என்ன நியாயம்? பணத்துக்காக ஆடியவருக்கு இவ்வளவு பெரிய மரியாதை தேவையா?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள எண்கள் அனைத்தும் சரியானவை. அவற்றை வைத்து நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவுதான் தவறானது. கார்னர்பேக்கை இடைமறித்த பந்துகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது, இரவெல்லாம் ஊரைச் சுற்றிவந்த காவல்காரரிடம் எத்தனை திருடர்களைப் பிடித்தாய் என்று மட்டும் கேட்பதற்குச் சமம். அவர் காவல் காத்த தெருவுக்குள் திருடர்கள் கால்வைக்கவே இல்லை என்றால் அந்தக் கேள்விக்கு அவரிடம் சொல்ல எண் எதுவும் இருக்காது.

அந்த இடத்தில் நிற்பவரின் வேலை என்ன என்று முதலில் பார்ப்போம். மைதானத்தின் விளிம்பில், எதிரணியின் ரிசீவருக்கு, அதாவது எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவருக்கு, நேரெதிரே கார்னர்பேக் நிற்கிறார். தாம் எந்தப் பக்கம் ஓடப்போகிறோம், எங்கே திரும்பப்போகிறோம், பந்து எப்போது வரும் என்பதெல்லாம் ரிசீவருக்குத் தெரியும். கார்னர்பேக்குக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அவர் பின்னோக்கி ஓடத் தொடங்கி, எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கண நேரத்தில் கணித்து, அதற்கேற்பத் தம் உடலைத் திருப்பி, அவருக்கு இணையாக ஓட வேண்டும். சட்டமும் அவருக்குச் சாதகமாக இல்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மெல் பிளவுண்ட் ரிசீவர்களை இடித்து இடித்தே நிலைகுலைய வைத்ததைக் கண்ட தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., 1978இல் விதியை மாற்றி, முதல் 5 யார்டுகளுக்கு அப்பால் ரிசீவரின் மேல் கைவைத்துத் தடுப்பதைக் குற்றமாக்கியது. பந்து வரும்போது ரிசீவரைப் பிடித்துத் தடுத்தாலோ, அந்தத் தவறு எவ்வளவு தூரத்தில் நடந்ததோ அந்த இடத்திலேயே பந்து எதிரணிக்குக் கொடுக்கப்படுகிறது. ஆக, கையைக் கட்டிப்போட்ட நிலையில், எதிராளியின் மனத்தில் இருப்பது தெரியாமல், பின்னோக்கி ஓடிக்கொண்டே செய்யும் வேலை இது.

இந்த வேலையை ஒருவர் அப்பழுக்கின்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதில்தான் உங்கள் கணக்கு தடுமாறுகிறது. பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக்கின் முன்னால் அதை வாங்குவதற்கு நான்கைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் முற்றிலும் மூடப்பட்டிருக்கிறார் என்றால் குவார்ட்டர்பேக் பந்தை வேறு ஒருவருக்கு எறிந்துவிடுவார். எறியப்படாத பந்தை யாராலும் இடைமறிக்க முடியாது. அது ஆட்டக் குறிப்பேட்டிலும் ஏறாது. 1952இல் டிக் ‘நைட் டிரெய்ன்’ லேன் தம் முதல் பருவத்திலேயே 12 ஆட்டங்களில் 14 பந்துகளை இடைமறித்தார். பருவம் இன்று 17 ஆட்டங்களாக நீண்ட பிறகும் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது. அதை வணங்குகிறேன். ஆனால் அந்த எண்ணைக் கொண்டே எல்லாக் கார்னர்பேக்குகளையும் அளக்க முற்பட்டால், எதிரணியினர் பந்து எறியவே தயங்கியவர்தான் அளவுகோலின் கடைசியில் போய் நிற்பார்.

2009ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரெவிஸ் ஆடிய நியூயார்க் ஜெட்ஸ் அணியின் புதிய பயிற்சியாளர் ரெக்ஸ் ரயான், எதிரணியின் தலைசிறந்த ரிசீவர் யாரோ அவரை ரெவிஸிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற பத்துப் பேரையும் வேறு வேலைகளுக்கு அனுப்பினார். துணைக்கு ஆள் இல்லாமல் ரெவிஸோடு தனித்து விடப்பட்ட ரிசீவர்களின் நிலையைக் குறிக்கத்தான் ‘ரெவிஸ் ஐலண்ட்’, அதாவது ரெவிஸ் தீவு, என்ற பெயர் பிறந்தது. முதல் ஆட்டத்தில் ஹூஸ்டனின் ஆண்ட்ரே ஜான்சன் 4 பந்துகளைப் பிடித்து 35 யார்டுகள் மட்டுமே எடுத்தார். அந்த ஜான்சன்தான் அந்தப் பருவத்தில் 1,569 யார்டுகளுடன் லீகிலேயே முதலிடத்தில் வந்தவர். அடுத்த வாரம் ராண்டி மாஸ் 4 பந்துகளில் 24 யார்டுகள். கரோலினாவின் ஸ்டீவ் ஸ்மித் ஒரே ஒரு பந்து, 5 யார்டுகள். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் சின்சினாட்டியின் சாட் ஓச்சோசின்கோவுக்கு ஒரு பந்துகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு மிகக் குறைந்த புள்ளிகளையும் யார்டுகளையும் விட்டுக்கொடுத்த தடுப்பணி ஜெட்ஸ்தான். பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 9 பந்துகளை இடைமறித்த கிரீன் பே அணியின் சார்லஸ் உட்சனுக்குப் போனது. உட்சன் மாபெரும் ஆட்டக்காரர். அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் அன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும் எண்ணே வென்றது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்கடுத்த 2010ஆம் ஆண்டில் ரெவிஸ் இடைமறித்த பந்துகள் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் லீகின் தலைசிறந்தவர்களைக் கொண்ட அந்த ஆண்டின் ஆல்-ப்ரோ முதல் அணியில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஆட்டங்களைப் பார்த்து எழுதுகிறவர்கள், பூஜ்யம் என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த வேலையைக் கண்டுகொண்டார்கள். உங்கள் கேள்விக்கு இந்த ஒரு செய்தியே போதுமான பதில் என்று நான் கருதுகிறேன்.

இனி, பணம். பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்குக்கு வடமேற்கே, ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் அலிக்விப்பா என்ற எஃகு ஆலை ஊரில் 1985இல் பிறந்தவர் ரெவிஸ். மைக் டிட்கா, டை லா ஆகியோரைத் தந்த ஊர் அது. ஆலைகள் அடங்கிப்போன காலத்தில் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. அவருடைய தாய்மாமன் ஷான் கில்பர்ட்டும் இதே லீகில் ஆடியவர். வாஷிங்டன் அணி தரவிருந்த சம்பளத்தை ஏற்க மறுத்து 1997ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் வீட்டில் இருந்தவர். அடுத்த ஆண்டு கரோலினா அணியுடன் 4.65 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டவர். தன் உழைப்பின் விலையைத் தானே சொல்லத் தெரிய வேண்டும் என்பதை மருமகனான ரெவிஸ் தம் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்.

இந்த லீகின் ஒப்பந்தங்களைப் பற்றி அறியாதவர்கள் ரெவிஸைப் பேராசைக்காரர் என்று எளிதில் சொல்லிவிடுகிறார்கள். காகிதத்தில் ஆறு ஆண்டுகள் என்று எழுதியிருந்தாலும், அணி நினைத்தால் ஓராண்டில் ஆட்டக்காரரை வெளியே அனுப்பிவிடலாம். உத்தரவாதம் என்று எழுதப்பட்ட தொகை மட்டுமே கைக்கு வருவது உறுதி. முழங்கால் ஒருமுறை திரும்பினால் தொழிலே முடிந்துவிடக்கூடிய ஆட்டத்தில் இது எவ்வளவு பெரிய அநீதி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 2009இல் அப்படி ஆடிய ரெவிஸின் 2010ஆம் ஆண்டுச் சம்பளம் சுமார் 10 லட்சம் டாலர். அதே வேளையில் ஓக்லாந்து அணியின் கார்னர்பேக் நாம்டி அசோமுகா ஆண்டுக்கு 1.5 கோடி டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்தார். ரெவிஸ் 36 நாள்கள் முகாமுக்கு வரவில்லை. முடிவில் 4 ஆண்டுகளுக்கு 4.6 கோடி டாலர், அதில் பெரும்பகுதி உத்தரவாதத்தோடு, என்று ஒப்பந்தம் ஆனது. அந்தப் புறக்கணிப்புக்கு அவர் விலை கொடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியின்றி வந்ததால்தான் இரண்டாவது ஆட்டத்திலேயே, ராண்டி மாஸைத் துரத்தி ஓடும்போது, தொடைத் தசை இழுத்துக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன். மாஸ் ஒரே கையால் பந்தைப் பிடித்து, எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுக்கும் டச்டவுன் போட்டார். அது ரெவிஸின் தவறு. அதன் இழப்பை அணியும் சுமந்தது.

ஆனால் அவர் அஞ்சியது நடந்ததா, இல்லையா? 2012 செப்டம்பரில், மயாமிக்கு எதிரான ஆட்டத்தில், யாரும் இடிக்காமலே அவருடைய இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. ஏழே மாதங்களில், 2013 ஏப்ரலில், ஜெட்ஸ் அணி அவரை டாம்பா பே அணிக்கு மாற்றிக் கொடுத்து, பதிலுக்கு டிராஃப்டில், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், தேர்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டது. டாம்பாவில் 6 ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலர் என்று ஒப்பந்தம்; உத்தரவாதத் தொகை எதுவும் இல்லை. தெரிந்தேதான் அவர் அதற்கு உடன்பட்டார். ஒரே பருவம் முடிந்ததும், பயிற்சியாளர் மாறினார், ஆடும் முறை மாறியது, 2014 மார்ச்சில் ரெவிஸை வெளியே அனுப்பினார்கள். நீங்கள் எழுதியிருக்கும் ‘அணி விட்டு அணி மாறிய’ என்ற தொடரில் இரண்டு மாற்றங்கள் அணி நிர்வாகங்கள் செய்தவை. அவற்றுக்கு ஆட்டக்காரரின் விசுவாசத்தைக் கேள்வி கேட்பது எப்படிச் சரியாகும்?

பிறகு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு 1.2 கோடி டாலருக்குப் போனார். அந்தப் பருவத்தின் முடிவில், 2015 பிப்ரவரி 1 அன்று, சியாட்டிலை 28–24 என்று வென்ற சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் ஆடினார். கடைசி அரை நிமிடத்துக்குள், டச்டவுன் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் வந்த பந்தை இடைமறித்து ஆட்டத்தைக் காப்பாற்றியவர், டிராஃப்டில் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத மால்கம் பட்லர் என்ற புதிய கார்னர்பேக். எல்லோருக்கும் நினைவில் இருப்பது அந்தப் பந்துதான். இருக்க வேண்டியதும் அதுதான். அன்று ரெவிஸின் பக்கம் சியாட்டில் ரிசீவர் டக் பால்ட்வின் ஒரு டச்டவுன் எடுத்தார். குறுக்கே நின்ற நடுவரை ரெவிஸ் சுற்றிவர வேண்டியிருந்த இடைவெளியில் கிடைத்த 3 யார்டுப் பந்து அது. அன்று முழுவதும் பால்ட்வின் பிடித்தது அந்த ஒன்றைத்தான்.

2015இல் ஜெட்ஸ் அணிக்கே 5 ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் திரும்பினார். இம்முறை உத்தரவாதம் 3.9 கோடி. அடுத்த ஆண்டே கால்கள் தளர்ந்துவிட்டன. 2016இல் அவர் ஆடியது பார்ப்பதற்கு வேதனையாக இருந்தது என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2017இல் ஜெட்ஸ் அனுப்பிவிட, கன்சாஸ் சிட்டியில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, 2018 ஜூலையில் ஓய்வை அறிவித்தார்.

பார்பரைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கும் வருத்தம் உண்டு. தொடர்ச்சியாக 215 ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்தே ஆடியவர், 47 இடைமறிப்புகளோடு 28 முறை குவார்ட்டர்பேக்கையும் வீழ்த்தியவர் அவர். டாம்பாவின் ஆட்டமுறை பெரும்பாலும் பகுதிக் காவல். அதில் கார்னர்பேக் தம் எல்லைக்குள் நின்று குவார்ட்டர்பேக்கின் கண்களைப் படித்துப் பந்தை நோக்கிப் பாய்கிறார். ரெவிஸ் செய்தது ஆளுக்கு ஆள் காவல். பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிராளியோடு ஓடுவது. முதல் வேலையில் இடைமறிப்புகள் சேரும். இரண்டாவதில் பந்தே வராது. இரண்டும் பெரிய கலைகள், ஆனால் ஒன்றின் எண்ணைக் கொண்டு மற்றதைத் தாழ்த்த முடியாது. பார்பரைக் காக்க வைத்தது தேர்வுக் குழு. அந்தக் குறையை அவர்களிடம் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் ஒஹாயோவின் கேன்டன் நகரில் பார்பரும் ரெவிஸும் ஒரே மேடையில்தான் அந்த மரியாதையைப் பெற்றார்கள்.